மாவைத் தொடாத எறும்புகள்

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எங்கள் ஊர் வத்தல்மலை அடிவாரம். ராகி மூட்டையோடு மலையிலிருந்து இறங்கும்போது பாறையில் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டேன். சேலத்தில் ஆபரேஷன் செய்து மாவுக்கட்டுப் போட்டார்கள். எனக்குச் சர்க்கரை வியாதி இருப்பதே அங்கேதான் தெரிந்தது.

"உங்க காலுக்கு வலி சரியாத் தெரியாது. வலிக்கலைன்னு சும்மா இருந்துடாதீங்க, வாரா வாரம் வந்து காட்டுங்க" என்றார் டாக்டர்.

எங்கே போவது? பொம்மிடியில் ரயிலைப் பிடிக்கவே மாட்டு வண்டி கட்ட வேண்டும். துளி வலியும் இல்லை. வீண் அலைச்சல் எதற்கு என்று கட்டிலில் ராஜா மாதிரி படுத்துக் கிடந்தேன்.

ஒரு மத்தியானம் கட்டில் காலில் எறும்புச் சாரை. கடிக்காத கறுப்பு எறும்பு. பிள்ளையார் எறும்பு என்று எங்கள் பக்கத்தில் யாரும் நசுக்க மாட்டார்கள். என் மனைவிக்கு ஒரே சந்தோஷம்.

"புள்ளையாரே வூடு தேடி வந்துட்டாருங்க. இனி எலும்பு கூடிடும்" என்று கட்டிலடியில் அரிசி மாவைத் தூவினாள்.

மறுநாள் பார்த்தால் மாவு அப்படியே கிடந்தது. சாரை அதைச் சுற்றிக்கொண்டு, கட்டிலேறி, மாவுக்கட்டின் விளிம்புக்குள் நுழைந்துகொண்டிருந்தது. வெளியே வந்தவை வாயில் எதையோ கவ்வியிருந்தன. இத்தனை எறும்பு உள்ளே ஊர்கிறது, எனக்கு ஒரு குறுகுறுப்புகூட இல்லை! வேறு யாருடைய காலோ என் கட்டிலில் கிடப்பதுபோல் இருந்தது. கெட்டுப்போன வெல்லம்போல ஒரு வாடை வேறு.

மனைவி குனிந்து பார்த்தாள். "மாவை வுட்டுட்டு உங்க காலுக்குள்ள எதுக்குங்க போவுது?"

"எனக்கு ஒண்ணுமே தெரியலையே புள்ள."

"ஐயோ, அந்த டாக்டரு சொன்னது இதானுங்க!" என்று தலையில் அடித்துக்கொண்டு வண்டி கட்டச் சொல்லி ஓடினாள்.

சேலத்தில் மாவுக்கட்டை வெட்டிப் பிரித்தார்கள். கட்டு அழுத்திக் குதிகாலில் குழிந்த புண். அது நிறைய எறும்பு. "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா காலையே எடுத்திருக்கணும்" என்றார் டாக்டர். பிறகு ஊசியும் பத்தியமுமாக மாதக்கணக்கில் கிடந்து, ஒருவழியாகக் கால் பிழைத்தது.

இப்போதெல்லாம் தினமும் குதிகாலைத் திருப்பிப் பார்க்கிறேன். அப்படியும் மனசு ஆறாது. வாசல் கோலத்து மாவை எறும்புகள் தின்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான், வலிக்காத இந்தக் காலை நம்பிச் செருப்புக்குள் விடுகிறேன்.