பதினோரு நிமிட ஆண்

கதையும் பாட்டும் இல்லாத படங்களை எடுப்பது என் தொழில், இதே துன்பத்தில் உழலும் அன்பர்களே, "எப்பங்க தியேட்டருக்கு வரும்?" என்று கேட்டவர்களிடம் நீங்களும் மழுப்பியிருப்பீர்கள். என் புதிய படத்தில் சட்டையணியாத ஓர் ஆண் பக்கவாட்டில் அமர்ந்து தேநீர் குடிப்பார். பதினோரு நிமிடம், ஒரு பெண்ணின் கண்ணாகக் காமிரா அவரை ஆசையோடு பார்க்கும். அதை ஒரு நொடிகூட வெட்டாமல் ஊரார் முன் திரையிட வேண்டும் என்பது என் பிடிவாதம்.

ஆள் பிடித்தது

கோவை நாடக நடிகர்கள் மூவர் மறுத்தார்கள். வசனம் இல்லாதது அவர்களுக்குக் குறையன்று, பார்க்கப்படுவதுதான் குறை. கடைசியில் பல்லடத்தில் விசைத்தறிக்கூடம் நடத்தும் சுப்பிரமணி, என் கல்லூரித் தோழியின் கணவர், ஒப்புக்கொண்டார். சண்டை உண்டா என்று விசாரித்தார். வெறுமனே உட்கார்ந்தால் போதும் என்றேன்.

"சும்மா உக்காந்திருக்கற ஆம்பளையப் பாக்கறதுக்கு என்னங்க அம்மணி இருக்குது?"

நடுக்கம்

நான்காம் நிமிடத்தில் அவர் கழுத்து சிவந்தது, தோள் நடுங்கியது. உள்ளத்தின் கொந்தளிப்பு என்றெண்ணி மெய்ம்மறந்து பதிவு செய்தேன். பல்கலைக்கழகத்தில் படித்ததன் பலன். ஆறாம் நிமிடத்தில் உதடு அசையாமல் கேட்டார்.

"மூச்ச உட்டுக்கட்டுங்களா? வயிறு முன்னால வந்துருமுங்க."

செயலாளர்

நகரத்து அரங்கம் ஒன்றின் செயலாளர் படத்தை முன்கூட்டியே பார்த்தார். முந்தைய வாரம் அதே அரங்கில், நாயகியின் இடுப்பைச் சுற்றியே நகர்ந்த படமொன்றைக் குடும்பத்தோடு ரசித்தவர் அவர். என் படத்தில் பாதியை வெட்டச் சொன்னார். எது ஆபாசம் என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தப்பா ஒண்ணுமே இல்லீங்க அம்மணி. ஆனா பொம்பளை பாக்கற மாதிரியே இருக்குதுங்களே."

தறி நின்ற ஞாயிறு

வெட்ட மறுத்தேன், அரங்கம் கைநழுவியது. சுப்பிரமணி பெருந்தன்மையோடு தன் தறிக்கூடத்தைத் தந்தார். தறி ஓட்டும் பெண்களும் அக்கம்பக்கத்தாரும் வந்தமர்ந்தார்கள். இரண்டாம் நிமிடத்தில் சிரிப்பு எழுந்தது. மூன்றாம் நிமிடத்தில் சிரிப்பு நின்று, பெண்கள் நிஜமாகவே பார்க்கத் தொடங்கினார்கள். சுப்பிரமணியால் அதைத்தான் தாங்க முடியவில்லை. எழுந்து திரையை மறைத்து நின்று, கரண்ட் போய்விடும், இத்துடன் போதும் என்றார். செயலாளரிடமிருந்து தப்பிய படம் நாயகனிடம் மாட்டிக்கொண்டதே என்று நான் நொந்தபோது, முன்வரிசையிலிருந்து அவர் மனைவி அமைதியாகச் சொன்னாள்.

"ஏனுங்க, சித்தெ நவுந்துக்குங்க. நான் அவரப் பாத்துட்டிருக்கறேன்."

படம் முழுதாக ஓடியது. கட்டிய கணவனை ஆசையோடு பார்ப்பதற்கு ஒருத்தி அந்தக் கணவனையே விலகச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதுதான் எங்கள் கலையின் இன்றைய நிலவரம்.