கதவு திறந்த மாப்பிள்ளை

"அதெல்லாம் சரி, வேலை என்ன பண்றாரு?" என்று நான் மூன்றாவது முறை கேட்டபோது என் மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால்தான் அவளுக்குத் தமிழ் வரும்.

"அம்மா, அதான் வேலை! அவர் ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர். அதுக்குத்தான் சம்பளம் குடுக்கறாங்க."

கலிபோர்னியாவில், சான் ரமோனில் எங்கள் ஆபீஸ் பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்துகொண்டு, ஹூஸ்டனில் டாக்டராக இருக்கும் ஒரே மகளிடம் இந்தச் சேதியைக் கேட்டேன். தலையில் அடித்துக்கொண்டேன். பனித்தரையில் சறுக்கிக்கொண்டே ஒரு கறுப்பு ரப்பர் வில்லையைக் கட்டையால் அடித்து வலைக்குள் தள்ளுகிற ஆட்டமாம். அந்த வில்லை வலைக்குள் போகாமல் உடம்பைக் கொடுத்துத் தடுக்கிறவர்தான் என் வருங்கால மாப்பிள்ளை. சரி, டிவியில் வருவாரா என்று கேட்டேன். அதுவும் இல்லை. டிவியில் வருவது பெரிய லீக். இவர் அதற்குக் கீழே உள்ள லீக்கில், சில வருடம் அதற்கும் கீழே உள்ள லீக்கில், வருடத்துக்கு ஓர் ஒப்பந்தமாக ஊர் ஊராகப் போய் ஆடிக்கொண்டிருந்தார். அப்போதே ஏழு ஊர் ஆகியிருந்தது.

எனக்கு வாய் நீளம். "சர்க்கஸ்ல கூட ஒரே கூடாரத்துல இருப்பாங்களேடி" என்று சொல்லிவிட்டேன். அவள் போனை வைத்துவிட்டாள். என் வீட்டுக்காரர், "உன் வாய் இருக்கே, அதுக்குத் தனியா லைசென்ஸ் வாங்கணும்" என்றார். கல்யாணம் என்னவோ நடந்தது. மினசோட்டாவிலிருந்து வந்த ஆறடி நான்கங்குல மாப்பிள்ளைக்கு வேட்டி எட்டவில்லை. கணுக்காலுக்கு மேலே நின்றது.

கல்யாணத்துக்குப் பிறகு ஒரு மாதம் ஹூஸ்டனில் போய் இருந்தேன். மகள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனால் இருட்டின பிறகுதான் வருவாள். மாப்பிள்ளை டெக்சாஸிலேயே இன்னொரு சின்ன ஊர் டீமில் ஆடினார்; ஓய்வு நாளில் மூன்று மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார். வந்தவுடன், "அத்தை, கறிவேப்பிலை?" என்பார். அவருக்குத் தெரிந்த நாலைந்து தமிழ் வார்த்தைகளில் அது ஒன்று. தனியாகவே ஹில்கிராஃப்ட் இந்தியக் கடைத்தெருவுக்குப் போய், கறிவேப்பிலை, முருங்கைக்காய், நல்லெண்ணெய் எல்லாம் சரியாகப் பார்த்து வாங்கி வருவார். என் வீட்டுக்காரருக்கு முப்பது வருடமாகியும் முற்றின முருங்கைக்காய்க்கும் இளசுக்கும் வித்தியாசம் தெரியாது.

வாசலில் எப்போதும் ஒரு பை தயாராகக் கட்டி வைக்கப்பட்டிருக்கும். என்ன இது, எங்கேயாவது ஓடிப்போகப் போகிறாரா என்று மகளிடம் கேட்டேன். "பெரிய டீம்ல யாராவது கோல்கீப்பருக்கு அடி பட்டா, ஜுரம் வந்தா, இவரைக் கூப்பிடுவாங்கம்மா. ரெண்டு மணி நேரத்துல கிளம்பணும். ஆஸ்பத்திரி எப்பக் கூப்பிட்டாலும் போக நான் ஆன் கால்ல இருக்கற மாதிரிதான்" என்றாள். அவள் ஆன் காலில் இருப்பதைப் பெருமையாக ஊரெல்லாம் சொன்னவள் நான்.

அன்றுதான் இன்னொன்றும் சொன்னாள். பெரிய டீம் அவரை ஏற்கெனவே பலமுறை கூப்பிட்டிருக்கிறது. ஆனால் பெரிய லீக் ஆட்டம் ஒன்றில் ஒரு நிமிடம்கூட அவர் வலைக்கு முன்னால் நின்றதில்லை. உடை மாட்டிக்கொண்டு பெஞ்சில் எத்தனை ஆட்டம் உட்கார்ந்தாலும் கணக்கில் வராது. ஒரே ஒரு நிமிடம் நின்றால் போதும், ஆடினவர் என்று பெயர் ஏறிவிடும். "அந்த ஒரு நிமிஷம் வேணும்மா அவருக்கு. வாயத் தொறந்து சொல்லமாட்டார்" என்றாள்.

பொழுது போகாமல் ஒரு நாள் அவரோடு காரில் அந்த ஊருக்கே போய் அவருடைய காலைப் பயிற்சியைப் பார்த்தேன். வெளியே டெக்சாஸ் வெயில் கொளுத்துகிறது, உள்ளே பல் கிட்டுகிறது. பயிற்சி முடிந்து எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். நாலைந்து பேர் மட்டும் போகாமல், அன்றைக்கு ஆட வாய்ப்பில்லாத கடுப்பையெல்லாம் சேர்த்து வில்லையை இவரைப் பார்த்து அடிக்க ஆரம்பித்தார்கள். தோளில், மார்பில், முகமூடியில் என்று எல்லா இடத்திலும் வந்து விழுந்தது. இவர் விழுகிறார், எழுந்திருக்கிறார், "இன்னொண்ணு" என்று கட்டையால் தரையைத் தட்டுகிறார். ஆடாத கோல்கீப்பர்தான் கடைசியில் வெளியேற வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டமாம். அடிக்கிறவனுக்குத் திருப்தி வரும்வரை இவர் போகமுடியாது. முக்கால் மணி நேரம் பார்த்தேன். ஒருவரிடமும் போதும் என்று அவர் சொல்லவில்லை. எனக்கு என் வாயையே கிள்ளிக்கொள்ளலாம் போல இருந்தது. சர்க்கஸ் என்றேனே, பாவி.

அந்தக் கோடையில் இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அவருடைய கால் பட்டைகளையும் கையுறைகளையும் நானே பின்பக்க பேட்டியோ முற்றத்தில் வெயிலில் காயப்போட்டேன். அப்பப்பா, அந்த நாற்றம்! குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதமே வந்துவிட்டது. "போடட்டும் லெட்டர், என் மாப்பிள்ளையோட வேர்வை" என்று அதைக் கிழித்துப் போட்டேன். என் வீட்டுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

இரண்டு வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை, மகளிடமிருந்து மெசேஜ் வந்தது. கிழக்குக் கரையில் இருக்கும் அந்தப் பெரிய டீம் நாளைக்குச் சான் ஹோசேயில் மதியம் ஆடுகிறது, இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், விமானத்தில் வருகிறார். அவ்வளவுதான். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஒரு மனுஷனை டெக்சாஸிலிருந்து பறக்கவைத்துக் கூப்பிடுகிறார்கள் என்றால் இந்த முறை ஆடவைக்கத்தானே? இதில் கேட்க என்ன இருக்கிறது? மகளோ டியூட்டியில் இருந்தாள், போனை எடுக்கவில்லை. நம் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிடுவதுபோல பக்கத்து ஊரான டப்ளின், சான் ரமோன் முழுக்கக் கூப்பிட்டேன். முப்பத்திநான்கு பேர். இரண்டு வேன். பெண்கள் எல்லோரும் பட்டுப்புடவை, மேலே ஸ்வெட்டர். நான் விடியற்காலையில் எழுந்து ஒரு அண்டா புளியோதரை கிளறினேன்.

புளியோதரையை வாசலிலேயே உள்ளே விடவில்லை, வேனுக்குத் திரும்பியது. நாங்கள் மாப்பிள்ளை டீமின் பெஞ்சுக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்தோம். ஆட்டம் தொடங்கியது. வலைக்கு முன்னால் வேறு யாரோ நின்றார். என் மாப்பிள்ளை தொப்பி போட்டுக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் இருந்தார். ஆட்டக்காரர்கள் ஓடி வரும்போது சின்னக் கதவைத் திறந்துவிட்டார், அவர்கள் உள்ளே வந்ததும் சாத்தினார். திறந்தார். சாத்தினார். முழு ஆட்டமும் இதே வேலை.

பக்கத்தில் டப்ளினில் இருக்கும் என் தோழி. தங்கமான மனசு, ஆனால் அவளுக்கும் என்னைப் போலவே வாய். "ஏங்க்கா, கதவு தொறந்து விடவா ஃப்ளைட் டிக்கெட் போட்டுக் கூட்டிட்டு வந்தாங்க?" என்றாள். என் மானம் கப்பலேறிவிட்டது. பனித்தரை பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. இரண்டு கோல்கீப்பர்கள் உடை மாட்ட வேண்டும், ஒருவர்தான் ஆடுவார் என்பது, மகள் பெஞ்சைப் பற்றிச் சொன்ன அன்றைக்கே எனக்கு உறைத்ததா? நான் கேட்டேனா?

ஆட்டம் முடிந்து, அவர்களுடைய பஸ் கிளம்ப கால் மணி நேரம் இருந்தது. கோட் சூட்டில் வெளியே வந்தவர் முப்பத்திநான்கு பேரையும் பார்த்து ஒரு கணம் நின்றார். பிறகு கைகூப்பி, ஒருவர் விடாமல் வணக்கம் சொன்னார். போட்டோவுக்கு நின்றார். பார்க்கிங்கில் வேன் பக்கத்தில் நின்றபடியே இரண்டு தட்டு புளியோதரை சாப்பிட்டார். தோழி சும்மா இருப்பாளா, கதவு விஷயத்தை ஆங்கிலத்தில் அவரிடமே கேட்டுவிட்டாள்.

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. வேலையைப் பற்றி ஒருவர் கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னார். முழு வேகத்தில் வருகிறவனுக்கு அரை வினாடி தாமதமாகக் கதவைத் திறந்தால் அவன் விலா எலும்பு போய்விடும். சீக்கிரம் திறந்தால் வேறு யாராவது வந்து அதன் விளிம்பில் மோதுவார்கள். "பதினோரு வருஷத்துல நான் ஒரு தடவைகூட லேட்டாத் தொறந்ததில்ல" என்றார். சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் புளியோதரை கேட்டார். தோழி தட்டு நிறையப் பரிமாறினாள். பஸ் போன பிறகு நான் வேனில் ஏறி அழுதுவிட்டேன். வெட்கத்தில் பாதி. இந்த மனுஷனுக்கு அந்த ஒரு நிமிடத்தைக் கொடுத்தால் என்ன குறைந்துபோகும் என்று பாதி.

அதற்குப் பிறகு இடுப்பில் ஆபரேஷன், மீண்டும் ஊர் மாற்றம், மீண்டும் டெக்சாஸ். முப்பத்தைந்து வயதானது. இந்த சீசனோடு சரி என்று மகளிடம் சொல்லிவிட்டார். சீசன் முடிய இரண்டு வாரம் இருந்தது. நான் நியூ ஜெர்சியில் தம்பி மகளின் வளைகாப்புக்குப் போயிருந்தேன். காலையில் வளையல் அடுக்கிக்கொண்டிருந்தபோது மகள் போன் செய்தாள். பெரிய டீம் கூப்பிட்டிருக்கிறது, இன்று மூன்று மணிக்கு ஆட்டம், நான் இருக்கும் இடத்திலிருந்து நாற்பது நிமிடம்.

இந்த முறை வாயைத் தைத்துக்கொண்டேன். தம்பியிடம்கூட, தலைவலிக்கு மாத்திரை வாங்கப் போகிறேன் என்று புளுகிவிட்டு ஊபர் பிடித்தேன். பட்டுப்புடவையை மாற்ற நேரமில்லை. மேலே கோட்டைக் கழுத்துவரை பொத்தான் போட்டேன். தலையில் பூவோடு, தனியாக, மேல் தளத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் தொப்பியோடு கதவருகில் இருந்தார். நான் எதிர்பார்க்கவும் இல்லை. சும்மா அவரைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம் என்றுதான் வந்தேன்.

ஆட்டத்தின் மூன்று பகுதியில் இரண்டு முடிந்தபோது அவர்கள் நான்குக்கு இரண்டு என்று பின்தங்கியிருந்தார்கள். இடைவேளை முடிந்து டீம் வெளியே வந்தது. கோல்கீப்பர்தான் முதலில் வருவது வழக்கம். முதலில் வந்தவருடைய கால் பட்டையைப் பார்த்தேன். என் கையால் வெயிலில் காயப்போட்ட பட்டை, எனக்குத் தெரியாதா? எழுந்து நின்றுவிட்டேன். பின்னாலிருந்தவர் உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

முதல் அடி. உள்ளே போய்விட்டது. ஐயோ கடவுளே! இப்போது வெளியே கூப்பிட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. அவர் கட்டையால் தரையைத் தட்டினார், டெக்சாஸில் பயிற்சியில் தட்டிய அதே தட்டல். அதற்குப் பிறகு வந்த எதுவும் அவரைத் தாண்டவில்லை. தோளால், முழங்காலால், ஒருமுறை குப்புற விழுந்து கையுறையின் நுனியால் தடுத்தார். அந்தப் பக்கம் இவருடைய ஆட்கள் இரண்டு கோல் போட்டார்கள். ஐந்துக்கு நான்கு.

கடைசியில் ஒரு நிமிடம் பத்து வினாடி இருக்கும்போது பயிற்சியாளர் கையசைத்தார். தோற்கும் டீம் கோல்கீப்பரை எடுத்துவிட்டு அடிக்க ஓர் ஆளைக் கூடுதலாக அனுப்பும். இப்போது இதெல்லாம் எனக்குத் தெரியும். அவர் வலையை விட்டு, ஆபரேஷன் செய்த இடுப்போடு, முழு வேகத்தில் பெஞ்சை நோக்கி வந்தார். ஓரத்தில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தது அந்த டீமின் பெரிய கோல்கீப்பர், டிவியில் வருகிறவர். அவர் எழுந்தார். சரியான நேரத்தில் கதவைத் திறந்தார்.

தோற்றுவிட்டார்கள். பஸ் நிற்கும் இடத்தில் போய்க் காத்திருந்தேன். வெளியே வந்தவர் என்னைப் பார்த்துத் திகைத்து, பிறகு என் தோளுக்குப் பின்னால், வலதுபக்கம், இடதுபக்கம் எல்லாம் தேடினார்.

"எல்லாரும் எங்கே அத்தை?"

அந்தக் கேள்வி என்னை அப்படியே உலுக்கிவிட்டது. ஆடாத அன்றைக்கு இரண்டு வேன். ஆடின அன்றைக்கு ஒரு நாதி இல்லை. "இருங்க மாப்பிள்ளை" என்று கோட்டுப் பையிலிருந்து போனை எடுத்து, அந்த முப்பத்திநான்கு பேர் இருக்கும் குழுவுக்கு வீடியோ கால் போட்டேன். கண்ணீரில் பொத்தான் தெரியவில்லை, அவர்தான் அழுத்தினார். முதலில் எடுத்தது டப்ளின் தோழி. திரையில் மாப்பிள்ளையையும் பின்னால் பஸ்ஸையும் பார்த்தாள்.

"என்னக்கா, இன்னிக்கும் கதவுதானா?"

"ஆமா" என்றேன். "இன்னிக்கு அவருக்குத் தொறந்து விட்டாங்க."