அவன் கை தூக்கவில்லை

மூன்று வருஷத்துக்கு முந்தைய ஆடி மாசம். தூத்துக்குடி துறைமுகத்துக்கு வெளியே, உப்பளங்களை ஒட்டிய ஒரு கன்டெய்னர் யார்டில் ரீச் ஸ்டேக்கர் ஓட்டிக்கொண்டிருந்தேன். பெட்டிகளைத் தூக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் ராட்சத வண்டி அது. அதன் டயரே ஆள் உயரம் இருக்கும். எனக்கு இருபது வருஷ அனுபவம். அதற்கேற்ற கோபமும் உண்டு.

அங்கே பெட்டி நம்பரைச் சரிபார்த்து எழுதும் டேலி கிளார்க்காக ஒரு தம்பி இருந்தான். முப்பது வயசு இருக்கும். எல்லாரும் டீக்கடைக்குப் போனால் அவன் மட்டும் வரமாட்டான். ஓவர்டைம் என்றால் முடியவே முடியாது என்பான். ஒரே நம்பரை இரண்டு தடவை எழுதுவான். அவன் டேலி ஷீட்டில் அடுத்தவர் விரல் பட்டாலே முகம் சுளிப்பான். எல்லாவற்றுக்கும் மேலே, சில நேரம் கூப்பிட்டால் திரும்பவே மாட்டான். அவனுக்கு ‘மண்டைக்கனம்’ என்று பட்டப்பெயர் வைத்ததே நான்தான்.

எங்கள் யார்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் நிற்கும் பக்கம் வண்டி போகும்போது இரண்டு ஹாரன் அடிப்போம். கீழே நிற்பவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு ஒதுங்குவார். அவர் கை தூக்கும்வரை வண்டி நகரக் கூடாது.

அன்று மதியம் இரண்டரை மணி இருக்கும். பெட்டி வரிசைகளுக்கு நடுவே உள்ள சந்தில் அவன் நின்றுகொண்டிருந்தான். இரண்டு ஹாரன் அடித்தேன். கை தூக்கவில்லை. மறுபடி அடித்தேன். என் பக்கமே பார்த்தபடி, வாயை மென்றுகொண்டு, சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டு நின்றான். என்னை நக்கல் பண்ணுகிறான் என்றுதான் நினைத்தேன்.

“ஏலே, காது கேக்கலியா? தள்ளி நில்லுல!” என்று கேபினிலிருந்து கத்தினேன். ஆள் அசையவில்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. அன்று காலையில்தான் நான் தப்பான பெட்டியைத் தூக்கிவிட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லி, திரும்ப இறக்க வைத்திருந்தான். அவன் சொன்னது சரி. அதுதான் கூடுதல் எரிச்சல். இன்றைக்கு எப்படி ஓடாமல் இருக்கிறான் பார்ப்போம் என்று பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.

வண்டி ஊர்ந்தது. முப்பதடி. இருபதடி. இதோ ஓடிவிடுவான், இதோ ஓடிவிடுவான் என்று பார்க்கிறேன், அவன் ஓடவில்லை. எனக்கும் வீம்பு விடவில்லை. அப்போதுதான் அவன் கையிலிருந்த டேலி ஷீட் நழுவியது. ஆடிக்காற்று அதை அள்ளிக்கொண்டு உப்பளப் பக்கம் போனது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு மடிப்பு விழுந்தாலே பதறுகிறவன், ஷீட் பறந்துபோயும் பார்க்கவில்லை என்றால் அவன் நினைவோடு இல்லை. இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தேன். வண்டி குலுங்கி நின்றபோது, கேபினிலிருந்து அவன் தலை மட்டும்தான் தெரிந்தது.

இறங்கி ஓடிப்போய்த் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தினேன். கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். மெல்லத் தெளிந்து, “ஷீட்டு எங்க அண்ணாச்சி?” என்றான். அப்புறம்தான் வண்டியைப் பார்த்தான். முகம் வெளிறிப்போனது.

“வலிப்பு அண்ணாச்சி. சின்ன வயசுல இருந்தே இருக்கு. கீழ விழ மாட்டேன், இப்படித்தான் நின்னுருவேன்” என்று நிழலில் உட்கார்ந்து சொன்னான். தூக்கம் கெட்டால் வருமாம், அதனால்தான் ஓவர்டைம் வேண்டாம் என்பது. நடுவில் நினைவு தப்பி எதுவும் விட்டுப்போயிருக்குமோ என்ற பயத்தில்தான் இரண்டு தடவை எழுதுவது. எல்லார் முன்னாலும் வந்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் டீக்கடைக்கு வராதது. “மாத்திரை போட்டா மண்டை கனமாத்தான் இருக்கும். நீங்க வச்ச பேரு சரிதான்” என்று சிரித்தான். கொஞ்ச நேரம் கழித்து, “எது என் குணம், எது நோயோட குணம்னு எனக்கே தெரியல அண்ணாச்சி” என்றான்.

வேலை போய்விடும், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினான். “இங்கன நின்னா உசுரே போயிரும்லா தம்பி” என்று நானே அவனை மேனேஜரிடம் கூட்டிப்போனேன். நல்லவேளை, வேலை போகவில்லை. கேட் ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள்.

“அண்ணாச்சி மட்டும் பிரேக் போடலன்னா நான் இல்ல” என்று அவன் இன்றும் எல்லாரிடமும் சொல்கிறான். அவன் மனைவி ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் நான்தான் என்று அவர்களிடம் சொல்லும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை. இப்போதெல்லாம் கூப்பிட்ட குரலுக்கு யாராவது திரும்பவில்லை என்றால், தெருவில் நடந்துபோகும்போதுகூட, என் கால் தானாகவே பிரேக்கைத் தேடுகிறது.