அஞ்சரைக்கு அடங்கிய லயம்

நமுனுகுல மலையடிவாரத்தில் இருந்த ஊசிக்கல் தேயிலைத் தோட்டத்தில், துரையின் பங்களாவையும் ஆபீசையும் விட்டால் கடிகாரம் என்று ஒன்று கிடையாது. வரிசை வீடுகளான லயத்தில் இருந்த ஜனங்களுக்கு மாடசாமிதான் கடிகாரம். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்து மேட்டில் நின்று அவர் தப்பு மேளத்தை அடித்தால்தான் அவர்களுக்கு விடிந்தது. அடிக்காவிட்டால், கிழக்கு வெளுத்தாலும் ஒருவரும் கூடையைத் தொடமாட்டார்கள். "சேவலுக்கே நான்தாங்க நேரம் சொல்லணும்" என்று மாடசாமி பீற்றிக்கொள்வதும், "அப்படின்னா ஞாயித்துக்கிழமை அது யாரக் கேட்டுக் கூவுது?" என்று மனைவி இராக்கம்மா மடக்குவதும் அந்த லயத்தில் எல்லோரும் கேட்டுச் சலித்த கதை.

அவர் பிறவி மேளக்காரர் அல்ல. கவ்வாத்துக் கத்தி பிடித்துத் தேயிலைச் செடியை வெட்டிக்கொண்டிருந்த நல்ல வேலைக்காரர். ஒரு மழைநாளில் வழுக்கித் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்து முழங்கால் பிசகிப்போனது. எண்ணெய் போட்டு உருவியும், தோட்டத்து டிஸ்பென்சரி மருந்தைக் குடித்தும் அந்தக் கால் மசியவில்லை. மலையேற முடியாதவன் பேரைச் செக்ரோல் என்ற ஆள்கணக்குப் புத்தகத்தில் வைத்திருக்க எந்தத் துரைக்கு ஆசை வரும்? பேர் வெட்டினால் வேலை போகும். வேலை போனால் லயத்து அறையும் போகும். கணக்கப்பிள்ளை மனமிரங்கி, பெரட்டுக்களத்தைக் கூட்டித் தப்பு அடிக்கும் வேலையைப் பிடித்துக்கொடுத்தார். அதனால் மாடசாமிக்கு மேளம் என்பது மேளம் அல்ல, தலைக்கு மேலே இருந்த கூரை.

அந்தக் கூரைக்குக் கீழே ஒரே பிள்ளை, தெய்வானை. தோட்டத்துப் பள்ளிக்கூடம் அஞ்சாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் பெண்பிள்ளைகள் கூடை எடுப்பதுதான் அங்கே வழக்கம். தெய்வானை மட்டும் பஸ் ஏறிப் பதுளைக்குப் படிக்கப் போனாள். "கலெக்டர் வேலைக்கா அனுப்புறீங்க?" என்று கேலி பேசாதவர் இல்லை. மாடசாமி அதற்கெல்லாம் பதில் சொல்வதில்லை. மகள் வாத்திச்சியாகித் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கே திரும்பி வருவாள் என்று ஒரு கணக்கு அவர் மனதில் இருந்தது. வெளியே சொன்னால் கண்பட்டுவிடும் என்று இராக்கம்மாவிடம்கூட அதைச் சொன்னதில்லை.

பள்ளிக்கூடம் மத்தியானமே விட்டாலும் தோட்டத்துப் பக்கம் வரும் பின்னேர பஸ் ஒன்றே ஒன்றுதான். அது வரும்வரை தெய்வானை பஸ் நிலையத்துக்கு எதிரே றஹீம் நானாவின் துணிக்கடைக்குள் உட்கார்ந்து படிப்பாள். நானாவின் மனைவி லரீபா வீட்டிலிருந்து பிளேன்டீ அனுப்பிவைப்பாள். பஸ் வந்து, சந்தியில் இறங்கி, மேடேறி லயத்துக்கு வந்துசேர ஆறு மணி ஆகிவிடும். அந்தப் பஸ்ஸோ, நினைத்தால் வரும், நினைத்தால் வழியில் படுத்துக்கொள்ளும்.

எழுபத்தொன்றாம் வருஷம் சித்திரையில் நாட்டில் இளவட்டங்கள் அரசாங்கத்துக்கு எதிராகத் துவக்கெடுத்த கலவரம் வந்தது. தோட்டத்து ஜனங்களுக்கு அதில் வரவும் இல்லை, செலவும் இல்லை. ஆனால் மழை பெய்தால் எல்லார் கூரையும்தானே நனையும். எங்கும் ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். கலவரம் அடங்கி, பள்ளிக்கூடங்கள் திறந்து, பஸ் ஓடத் தொடங்கிய பிறகும் ஊசிக்கல் துரைக்குப் பயம் தெளியவில்லை. இளவட்டம் என்றாலே அவருக்குச் சந்தேகம்தான். பதினெட்டு முடியாத ஆணோ பெண்ணோ, ஆறு மணிக்குமேல் லயத்துக்கு வெளியே நிற்கக்கூடாது என்று தோட்டத்துக்கென்று ஒரு சட்டம் போட்டார். பிள்ளை அகப்பட்டால் பெற்றவர் பேரை வெட்டுவது தண்டனை. தோட்டத்துக் காவல் வாச்சர்மாரோடு பொலிஸ் ஜீப்பும் சுற்றும் என்று சொன்னார்கள். ஆறு மணியை எல்லோருக்கும் தெரிவிக்க மாடசாமி அந்தியிலும் தப்பு அடிக்க வேண்டும் என்று உத்தரவானது.

இந்த வேடிக்கையைப் பாருங்கள். மகளைக் குற்றவாளியாக்கும் நேரத்தை அப்பனே அடித்துச் சொல்ல வேண்டும்.

மாடசாமி தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு கணக்கப்பிள்ளையிடம் போனார். "புள்ள பஸ்ஸுல வருதுங்க. கொஞ்சம் முன்னப்பின்ன ஆனா கண்டுக்காம விடச்சொல்லி தொரகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார்.

"ஒன் புள்ளைக்கு விட்டா நாளைக்கு ஊரே வந்து நிக்கும் மாடசாமி. பஸ்ஸ நேரத்துக்கு வரச் சொல்லு" என்றார் கணக்கப்பிள்ளை. பஸ்காரன் மாடசாமியின் சின்னம்மா மகன் என்று அவருக்கு நினைப்புப்போல.

அதிலிருந்து ஒவ்வொரு அந்தியும் மாடசாமிக்குக் கண்டம்தான். மேட்டில் நின்றால் ஆபீசு ஜன்னல் வழியாகக் கடிகாரமும் தெரியும், கீழே மகள் ஏறிவரும் மதகும் தெரியும். ஒரு கண் அங்கே, ஒரு கண் இங்கே. அவள் வெள்ளைச் சட்டை மதகைத் தாண்டினால்தான் அவருக்கு மூச்சு வரும். சில நாள் முள்ளும் மகளும் சேர்ந்தே வந்து சேரும். அப்படியே ஆவணி பிறந்தது.

ஒரு நாள் மத்தியானத்திலிருந்தே நமுனுகுலப் பக்கம் இருட்டிக்கொண்டு மழை பிடித்தது. அந்தியில் மழை விட்டு மூடுபனி இறங்கியது. மாடசாமி காய்ந்த சருகைக் கொளுத்தி, தோல் விறைப்பதற்காக மேளத்தைச் சூடுகாட்டினார். கடிகாரத்தில் ஆறு. மதகில் யாரும் இல்லை. தோல் காய்ந்துவிட்டது. ஆனாலும் மேளத்தை நெருப்பிலிருந்து எடுக்காமல் திருப்பிக்கொண்டே இருந்தார். யாராவது கேட்டால் 'தோல் இன்னும் காயலை' என்று சொல்லிக்கொள்ளலாம். ஈர நாளில் அதை யாரும் பொய் என்று சொல்லமுடியாது. முள் நகர்ந்துகொண்டே போனது. நெஞ்சுக்குள்ளே வேறொரு மேளம் அடித்தது. கடைசியில் மூடுபனிக்குள் வெள்ளைச் சட்டை தெரிந்தது. தெய்வானை ஓட்டமாக மதகைத் தாண்டி, லயத்து வாசலில் ஏறின பிறகுதான் மாடசாமி குச்சியை எடுத்து அடித்தார்.

அந்தப் பிந்திய நேரத்தில், மறுபக்கத்துத் தண்ணீர்ப் பீலியில் ஒரு பெண் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து அறை மாரியாயியின் மகள் பாக்கியம். மாரியாயி புருஷனை இழந்தவள். தெய்வானை வயதேயான பாக்கியம்தான் அவளுக்கு எல்லாம். தப்பு அடிக்கட்டும், எழுந்து போகலாம் என்று பாக்கியம் சாவகாசமாகச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆறு மணி என்பது மாடசாமியின் குச்சியில் இருந்தது. ஜீப்பில் வந்தவனுக்கு அது மணிக்கட்டில் இருந்தது. தப்புச் சத்தம் கேட்டபோது பாக்கியம் ஜீப்பில் ஏற்றப்பட்டிருந்தாள். ஆபீசுக்குக் கொண்டுபோய், பேரைக் கேட்டு எழுதிக்கொண்டு, தாயை வரவழைத்து அவளோடு அனுப்பிவைத்தார்கள்.

மறுநாள் பெரட்டில் பேர் கூப்பிட்டபோது மாரியாயியின் பேர் வரவில்லை. எல்லோரும் மலைக்குப் போன பிறகும் அவள் கூடையோடு அங்கேயே நின்றாள். பிறகு மாடசாமியிடம் வந்தாள்.

"அண்ணே, தப்பு கேக்கலைன்னு புள்ள தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுது. நேத்து மழைக்குத் தோல் காயலையாக்கும். நீங்க தொரகிட்ட அத மட்டும் சொல்லுங்க அண்ணே. நீங்க சொன்னா கேப்பாரு."

மாடசாமியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "பாப்பம் தாயி" என்றார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் செய்தவனிடமே பழி சுமந்தவள் வந்து உதவி கேட்டாள்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். தடிமனும் காய்ச்சலுமாகத் தெய்வானை அன்று பள்ளிக்கூடம் போகாமல் படுத்திருந்தாள். இராக்கம்மா அடுப்படியைவிட்டு எழுந்து வந்து கதவைச் சாத்தினாள்.

"வாயத் தெறக்காதீங்க. அவ பேரு போனது போதாதுன்னு நம்ம பேரும் போகணுமா? இந்தக் கால வச்சுக்கிட்டு எங்க போய் நிப்பீங்க?"

அவள் கேட்டதில் பிசகு ஒன்றும் இல்லை. கம்பளிக்குள்ளிருந்து மகள்தான் பேசினாள்.

"போய்ச் சொல்லுங்கப்பா. எனக்காகத்தானே நிப்பாட்டி வச்சீங்க. பாக்கியத்து மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

மாடசாமி எழுந்து ஆபீசுக்கு நடந்தார். அந்த நடையில் அவர் கால் அதிகமாக நொண்டியது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

துரைக்குத் தோட்டத்துத் தமிழ் நன்றாக வரும். மரியாதை மட்டும் வராது. மாடசாமி வாசலுக்கு வெளியே நின்று, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். மகள் பஸ்ஸில் வரப் பிந்திவிட்டது, அவள் வரட்டும் என்று மேளத்தை நிறுத்திவைத்தேன், அதனால்தான் பாக்கியம் அகப்பட்டாள், வெட்டுவதானால் என் பேரை வெட்டுங்கள், அந்தப் பொம்பிளை பேரைத் திரும்பப் போடுங்கள். இவ்வளவையும் சொல்லி முடித்தபோது அவர் நெஞ்சுச் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

துரை கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அவர் சிரித்தார்.

"ஆறு மணின்னா ஆறு மணி. ஒன் மேளம் அடிச்சா என்ன, அடிக்காட்டி என்ன? சட்டம் கடிகாரத்துக்குத்தான், மேளத்துக்கு இல்ல."

"எங்களுக்கு ஏதுங்க கடிகாரம்?" என்றார் மாடசாமி. அவர் ஆயுசில் ஒரு துரையைக் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

துரை கொஞ்சம் யோசித்தார். அந்தக் கேள்வியில் நியாயம் இருப்பதாக அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். கணக்கப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார்.

"இவனுங்களுக்கு நேரம் தெரியாது. இனிமே அஞ்சரைக்கே அடிக்கச் சொல்லு. அடிச்சா புள்ளைங்க எல்லாம் லயத்துக்குள்ள. ஆறு மணிக்கு ஒருத்தரும் அகப்படாது. சரிதானே?"

"நல்ல யோசனைங்க தொர" என்றார் கணக்கப்பிள்ளை.

மாரியாயியின் பேரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மாடசாமியின் பேரையும் வெட்டவில்லை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, அஞ்சரை என்ற ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு அவர் வீடு திரும்பினார். பஸ் சந்திக்கு வருவதே அஞ்சரைக்குத்தான். அந்தக் கணக்குத் தெய்வானைக்கும் தெரியும். அப்பா சொல்லி முடித்ததும் அவள் புத்தகங்களை அடுக்கித் தகரப் பெட்டிக்குள் வைத்தாள். பதுளையில் அவளைத் தங்கவைக்க மாடசாமிக்கு ஒரு சொந்தமும் கிடையாது. றஹீம் நானாவிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று இராக்கம்மா சொன்னாள். வயசுப் பெண்ணை எப்படி அடுத்த வீட்டில் விடுவது என்று அவளே மறுபடி சொன்னாள்.

மாரியாயி ஏற்கனவே இந்தியாவுக்கே போய்விடுகிறோம் என்று அரசாங்கத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, போக மனமில்லாமல் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தவள். தாய்க்கும் மகளுக்கும் அந்த நாடு எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அறையைக் காலி பண்ணச் சொன்னதும் அங்கே இங்கே ஒண்டியிருந்து, கடைசியில் கப்பலுக்காகத் தலைமன்னாருக்கு ரயில் ஏறப் புறப்பட்டார்கள். போகிற அன்று மாரியாயி அம்மியைக் கொண்டுவந்து இராக்கம்மாவிடம் கொடுத்தாள். சுமந்துகொண்டு போக ஏலாது என்றாள். பிறகு மாடசாமி காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

"எங்களுக்காகத் தொர வாசல் வரைக்கும் போனீங்களாம். கூடப் பொறந்தவன்கூடச் செய்யமாட்டான் அண்ணே."

மாடசாமிக்கு அந்த நிமிஷமே செத்துப்போகலாம்போல இருந்தது. மழையும் தோலும்தான் காரணம் என்று அவள் கடைசிவரை நம்பினாள். உண்மையைச் சொல்ல வாயெடுத்தார், வரவில்லை. பாக்கியம் தெய்வானையின் கையை விடாமல் நின்றாள்.

அந்தத் தை மாதம் தெய்வானையின் பேரைச் செக்ரோலில் போட்டார்கள். அப்பன் அடித்த காலைத் தப்புக்கு மகள் கூடையோடு வந்து வரிசையில் நின்றாள். அன்றைக்கு மாடசாமி வழக்கத்தைவிட மெதுவாக அடித்தார். கணக்கப்பிள்ளை "சாப்பிடலையா?" என்று கேட்டார்.

வருஷங்கள் போயின. நாட்டில் ஊரடங்கை எப்போதோ எடுத்துவிட்டார்கள். அந்தத் துரை போய், தோட்டம் அரசாங்கத்துக்குப் போய், வேறு துரைமார் வந்தார்கள். அஞ்சரைத் தப்பை நிறுத்தச் சொல்ல மட்டும் யாருக்கும் நினைவு வரவில்லை. தானாகப் போய்க் கேட்க மாடசாமிக்குத் துணிச்சல் இல்லை. ஒரு தடவை கேட்டு வாங்கிக்கொண்டது போதாதா? தப்புச் சத்தம் கேட்டதும் லயத்துப் பிள்ளைகள் விளையாட்டைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார்கள். ஏன் ஓடுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது.

ஓர் அந்தியில் பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்த தெய்வானை, மேட்டில் அப்பா பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்கு அப்போது கல்யாணமாகி வயிற்றில் பிள்ளை. கீழே சந்தியில் பின்னேர பஸ் வந்து நின்று, யாரையோ இறக்கிவிட்டுப் போனது.

"இன்னும் யாருக்குப்பா அடிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"நிப்பாட்டச் சொல்லி யாரும் சொல்லலையே தாயி" என்றார் மாடசாமி.

ஜன்னல் வழியே கடிகாரத்தைப் பார்த்தார். நேரமாகிவிட்டது. குச்சியை எடுத்தார்.