மூன்றாவது குரலுக்கு ஒரே செல்லோ

மூன்று குரல்களுக்கு எழுதிய இசையைப் பதினோரு பேருக்கு விரிப்பது என்றால் ரசத்தில் தண்ணீர் ஊற்றிப் பெருக்குவது என்றுதான் எங்கள் பங்குச் சாமியார் நினைத்திருந்தார். ஜவ்வாது மலையில் புதிதாகக் கட்டிய கோயிலை அர்ச்சித்துத் திறந்துவைக்க ஆயர் வருகிறார். முன்பிருந்த சாமியார் ஆர்கனுக்காகக் கைப்பட எழுதி வைத்துவிட்டுப் போன இசையை அன்றைக்கு வாசிக்க வேண்டும். ஆர்கனின் துருத்தியையோ எலி தின்றுவிட்டது. "வயலின்காரங்க இருக்காங்களே டீச்சர், பிரிச்சுக் குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் பங்குச் சாமியார் ஜீப் ஏறிப் போய்விட்டார். எண்பதுகளின் தொடக்கம் அது. மலைப் பள்ளியில் கணக்கும் பாட்டும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

எட்டு வயலின், வயலினைவிடச் சற்றுப் பெரிய இரண்டு வயோலா, ஒரே ஒரு செல்லோ. செல்லோக்காரரைத் தவிர மற்றவர்கள் போளூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தார். ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் பிடித்து மேலே வருவார்கள். செல்லோ மட்டும் எங்கள் ஊரிலேயே இருந்தது. வாசித்தவர் பள்ளிச் சீருடை தைக்கும் டெய்லர். அந்தப் பெரிய வாத்தியத்தை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டால், தையல் மெஷின் முன்னால் உட்காரும் அதே முகம்தான் அவருக்கு.

அந்த இசையில் ஒரு குரல் மெட்டைத் தொடங்கும். அது பாதி வழி போனதும் இரண்டாவது குரல் அதே மெட்டை மேலே எடுத்துக்கொள்ளும். இரண்டும் வாதாடிக்கொண்டிருக்கும்போது மூன்றாவது குரல் அடியிலிருந்து எழும்பும். பதினோரு பேரையும் ஓயாமல் வாசிக்கவிட்டால் கூட்டம்தான் கேட்கும், குரல் கேட்காது. அதனால் மேல் குரலுக்கு நாலு வயலின், நடுக் குரலுக்கு நாலு வயலினும் வயோலாக்களும் என்று பிரித்தேன். மூன்றாவது குரல் நுழையும் இடத்தில் எல்லோரையும் அடக்கி, குரலுக்கு ஒரு வயலின் மட்டும் விட்டேன். அந்த அமைதிக்குள் டெய்லர் தனியாக வர வேண்டும். என் கர்வமெல்லாம் அந்த இடத்தில்தான் இருந்தது.

ஒத்திகையில் அந்த இடம்தான் தேறவில்லை. இடது சுண்டுவிரல் அழுத்த வேண்டிய ஸ்வரங்களெல்லாம் கீழே சரிந்தன. எனக்குப் பொறுமை கிடையாது.

"வூட்ல பழகுறீங்களா, இல்ல சட்டைக்குக் காஜா எடுத்துக்கிட்டே இருக்கீங்களா?"

"இன்னான்னு தெர்ல டீச்சர். சுண்டுவெரலு சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது."

விரலின் ஓரத்தில் பெரிய கொப்புளம். இஸ்திரிப் பெட்டி பட்டதாம். "சுட்டதே தெர்ல டீச்சர். நாத்தம் வந்தப்புறந்தான் பாத்தேன்" என்று சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். நான் மட்டும் அந்தக் கொப்புளத்தைத் திரும்பப் பார்த்தேன்.

ஆண்டுதோறும் சுகாதார ஆய்வாளர் பள்ளிக்கு வந்து, பிள்ளைகளின் தோலை இறகால் தொட்டுப் பார்ப்பார். வரிசையில் நிறுத்துவது நான்தான். தொட்டால் தெரியாத இடம் தொழுநோயின் அறிகுறி என்று வகுப்புச் சுவரில் படமே ஒட்டியிருந்தது. சீக்கிரம் மாத்திரை தொடங்கினால் கை தப்பும் என்பதும் அதே படத்தில் இருந்தது.

விழாவுக்கு மூன்று வாரம் இருந்தது. ஆஸ்பத்திரி என்று வாயைத் திறந்தால் மற்ற பத்து பேரும் வாத்தியத்தை மூட்டை கட்டிவிடுவார்கள் என்று பயந்தேன். ஒருவேளை அவர்கள் இருந்தாலும் டெய்லர் போனால் மூன்றாவது குரலே கிடையாது. சூடு பட்டுத் தோல் மரத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். விழா முடியட்டும் என்றும் சொல்லிக்கொண்டேன். பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

சுண்டுவிரல் விழும் இடங்களையெல்லாம் வட்டமிட்டேன். பாதி இடங்களில் ஸ்வரத்தை ஒரு ஸ்தாயி கீழே இறக்கினால் வெறுந்தந்தியே போதும், விரல் வேண்டாம். மிச்சத்தை வயோலாக்களுக்குக் கொடுத்து, அங்கே செல்லோ மூச்சுவிடுவது போல எழுதினேன். கேட்பவருக்கு ஒரே குரல்தான் கேட்கும். அவ்வளவு நேர்த்தியான வேலையை அதற்குப் பிறகு நான் செய்ததில்லை. அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

"இப்ப வாசிக்க சொகமா கீது டீச்சர். வெரலு சரியாப் பூட்ச்சு போல" என்றார் டெய்லர்.

விழாவன்று ஆயர் எழுந்து நின்று கைதட்டினார். அதுதான் வினையாக முடிந்தது. திருப்பத்தூரில் கூப்பிட்டார்கள், செங்கத்தில் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு திருவிழாவுக்கும் முன்னால் அவர் விரல் இன்னும் கொஞ்சம் மடங்கியிருந்தது. பக்கத்து விரலும் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு தடவையும் நான் சிவப்புப் பென்சிலைத் தேடினேன். சாமை அறுப்பு முடிந்து, மரங்களில் புளி உலுக்கும் காலமும் வந்துவிட்டது. சீருடைகளில் தையல் கோணலாக ஓடத் தொடங்கியது. தாய்மார்கள் முணுமுணுத்தார்கள்.

கடைசியில் ஆய்வாளர் வந்தார். பிள்ளைகளுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்த டெய்லரின் கையை ஒரு பார்வைதான் பார்த்தார். அன்றைக்கே ஜீப்பில் ஏற்றிக் கீழே கூட்டிப்போனார்.

இரண்டு வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். நோய் குணமாகிவிடும், மடங்கிய இரண்டு விரல்கள் இனி நிமிராது என்றார் டாக்டர். மரத்துப்போன புதிதிலேயே வந்திருந்தால் கையைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார்.

டெய்லர் கட்டிலில் உட்கார்ந்து கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கணும் டீச்சர். சுண்டுவெரலுக்கு வேலையே இல்லாம மாத்தி எழுதிக் குடுத்தீங்களே. அப்பவே ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. பாட்டு நல்லா வரட்டும்னுதான் மாத்தினேன்."

"அதானே. தெரிஞ்சிருந்தா சொல்லாமயா இருப்பீங்க" என்றவர், நான் வாங்கிப்போன சாத்துக்குடியில் ஒன்றை எடுத்து, உரித்துத் தரும்படி என்னிடம் நீட்டினார்.