கிணற்றடியோடு நின்ற நோய்

துஷாந்தினி மாடுகளின் தொற்றுநோயை ஆராய்கிற பெட்டை. உடுவிலிலிருந்து ஸ்கூட்டியில் வெளிக்கிட்டால் கோப்பாயில் ஒரு மாட்டுக்கொட்டிலையும் விடமாட்டாள். கால் வாய் நோய் வந்த வீடுகளையெல்லாம் வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாக வைப்பாள். மூன்று கிழமையாக அந்தப் புள்ளிகள் அவளைப் பைத்தியமாக்கின. பக்கத்து வீட்டு மாடு வாயில் ஒரு புண்ணும் இல்லாமல் நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டு நிற்கும். நோயோ ஏழு வளவு தாண்டிப் போய் எட்டாவது வீட்டில் இறங்கியிருக்கும்.

“வெளியாள் ஆராவது வந்தவையோ?”

“ஒருத்தரும் வரேல்லைப் பிள்ளை.”

எல்லா வீட்டிலும் இதே பதில்தான். பொய்யும் சொல்லவில்லை, பாவங்கள்.

விஷயம் வெளித்தது தங்கமுத்து வீட்டில். புருஷனில்லாத மனுசி. அவளுடைய செவலைப் பசு நிறைசினை, கன்று போட இன்னும் இருபது நாள்தான். அந்தப் பாலை நம்பித்தான் அவளின் அடுப்பு எரிகிறது. துஷாந்தினி போனபோது அவள் நல்ல சீலை உடுத்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு படலையடியில் நின்றாள்.

“எங்கையக்கா வெளிக்கிடுறியள்?”

“மருதனார்மடத்துக்கு. மச்சாள் சிவகௌரியின்ரை மாட்டுக்குச் சுகமில்லையாம். எட்டிப் பாக்காட்டி என்ன சனம் நாங்கள்? வாயைத் திறந்து பாத்து, பழம் தீத்திப்போட்டு ஓடிவந்திடுவன்.”

ஐயோ! துஷாந்தினிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சுகமில்லாத ஆளைப் பார்க்கப் போவதுபோல ஊரே சுகமில்லாத மாட்டைப் பார்க்கப் போகிறது! தடவி, பழம் ஊட்டி, அதே கையோடும் செருப்போடும் தன் கொட்டிலுக்குத் திரும்புகிறது. சொந்தக்காரர் வெளியாளோ? அவள் அங்கேயே நின்று உறவுமுறை கேட்டுக் கேட்டுப் புள்ளிகளுக்குக் கோடிழுத்தாள். மச்சாள், சித்தி, சம்பந்தி என்று நோய் பிசகாமல் ஓடியிருந்தது.

“போகாதேங்கோ அக்கா. செவலைக்கும் வந்திடும்.”

“போகாட்டி மச்சாள் இனி என்ரை வாசல் மிதியாள். ஆறு வருசம் கதையாமல் இருந்து, இந்தத் தைப்பொங்கலுக்குத்தான் கதைச்சனாங்கள்.” சொல்லும்போதே தங்கமுத்துவின் கண் கலங்கிவிட்டது.

படித்த படிப்பொன்றும் அந்த நேரம் கைகொடுக்கவில்லை.

“அக்கா, செத்தவீட்டுக்குப் போட்டு வந்தால் முழுகாமல் வீட்டுக்குள்ளை கால் வைப்பியளோ?”

“சீச்சீ!”

“அப்ப இதுக்கும் அப்பிடித்தான். தூர நிண்டு பாருங்கோ, தொடவேண்டாம். வந்தவுடனை செருப்பைச் சலவைச் சோடாத் தண்ணியிலை கழுவி, உடுப்பை ஊறப்போட்டு, கிணத்தடியிலை முழுகிப்போட்டுச் செவலைக்குக் கிட்டப் போங்கோ.”

தங்கமுத்து அப்படியே செய்தாள். கேள்விப்பட்ட ஊரும் செய்தது. செத்தவீட்டு முழுக்கை யாருக்குப் படிப்பிக்க வேணும்? புதுப் புள்ளிகள் குறைந்து, ஒருநாள் நின்றேவிட்டன.

ஆனால் கதை சிவகௌரியின் காதுக்கும் போனது. “என்ரை மாடு உயிரோடை நிண்டு வைக்கல் தின்னுது, அதுக்குச் செத்தவீட்டு முழுக்கோ? உந்தப் பெட்டை இனி என்ரை வளவுக்கை வரட்டும் பாப்பம்!” தங்கமுத்துவோடும் பழையபடி கதை நின்றது. நோயை நிறுத்தப் போய் ஒரு உறவை முறித்துவிட்டேனே என்று துஷாந்தினி இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

செவலை சுகமாக ஒரு நாகு கன்று போட்டது. ஐந்தாம் நாள் துஷாந்தினியும் தங்கமுத்துவும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க, படலை திறந்தது. சிவகௌரி! அவளின் மாடும் தேறிவிட்டதாம்.

சிவகௌரி ஒருவர் முகமும் பாராமல் நேரே கிணற்றடிக்குப் போனாள். செருப்பைக் கழற்றி அங்கே கரைத்து வைத்திருந்த சோடாத் தண்ணீருக்குள் போட்டாள். உடுத்த சீலையோடு நாலு வாளி தண்ணீரை அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டு, சொட்டச் சொட்டத் திரும்பி வந்தாள்.

“என்ன வாயைப் பிளந்துகொண்டு நிக்கிறியள்? துடக்குச் செத்தவீட்டுக்கு மட்டுமோ? பிறப்புக்கும் இருக்குத்தானே. கண்டுக்குட்டி எங்கை, மச்சாள்?”