ஸ்டமென் பெயரில் ஒரு லிஃப்ட்

நகராட்சிக் கட்டடத்தில் எந்தப் போன் கம்பி எந்த மேஜைக்குப் போகிறது என்று வெலிகா கண்ணை மூடிக்கொண்டே சொல்வாள். இருபத்தாறு வருஷ வேலை. நாலு பேர் முன்னால் பேசத்தான் நாக்கு எழாது.

போன வருஷம் எல்லா மேஜைக்கும் நெட்வொர்க்கில் ஓடும் புது போன் வந்தது. மிஞ்சியவை மூன்று பழைய சாமான்கள்: கல்யாணப் பதிவு அறையின் ஃபேக்ஸ், வாசல் மணி, லிஃப்டுக்குள் இருந்த அவசர போன். மூன்றையும் ஒரு சாம்பல் நிறப் பெட்டியில் செருகி நெட்வொர்க்கோடு இணைத்தாள். புது புரோகிராமோ ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு மனிதப் பெயர் கேட்டது, பிறந்த தேதியோடு. 'லிஃப்ட்' என்று அடித்தால் ஏற்கவில்லை. ஃபேக்ஸுக்குத் தன் கொழுந்தன் பெயரைக் கொடுத்தாள், மணிக்குத் தன் பல் டாக்டர் பெயர். லிஃப்டுக்கு, அதன் பக்கத்திலேயே முப்பது வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்ற காவலாளி ஸ்டமென் கோலெவின் பெயர். அவருக்கும் அதில் பெருமைதான்.

மார்ச்சில் ஸ்டமென் செத்துப்போனார். படம் போட்ட அறிவிப்பைக் கட்டடக் கதவில் ஒட்டினார்கள். மறுவாரம் இரண்டு பேர் லிஃப்டில் மாட்டிக்கொண்டு பொத்தானை அமுக்க, வரவேற்பு மேஜை போனில் 'ஸ்டமென் கோலெவ்' என்று எழுத்து ஓடியது. அங்கே உட்காரும் கின்கா சிலுவை போட்டுக்கொண்டாள், எடுக்கவில்லை. மறுநாள் கோதுமை அவித்துச் சர்க்கரை தூவி, அவர் ஆத்மாவுக்காக எல்லோருக்கும் கொடுத்தாள். இரண்டு மணி நேரம் மாட்டிக் கிடந்தவர்களும் "கடவுள் அவரை மன்னிக்கட்டும்" என்று வாங்கிச் சாப்பிட்டார்கள்.

வெலிகா தலைநகர் சோஃபியாவிலிருந்த போன் கம்பெனியைக் கூப்பிட்டாள்.

"பேரு மாத்தணும்னா அவரே கையெழுத்துப் போடணும்ங்க."

"அவர் இறந்துட்டாருங்க."

"அப்போ இறப்புச் சான்றிதழ் அனுப்புங்க. லைனையே மூடிடுறோம்."

வியாழக்கிழமை லிஃப்ட் பரிசோதகர் வருவதாகக் கடிதம் வந்தது. அவசர போன் அடிக்கும்போது மூன்றாவது மணிக்குள் யாரும் எடுக்காவிட்டால் லிஃப்டைப் பூட்டிவிடுவார். நாலாம் மாடியில் பிறப்புப் பதிவேடு பார்க்கும் நெவெனா சக்கர நாற்காலியில் வருகிறவள். லிஃப்ட் இல்லையென்றால் அவளுக்கு வேலையும் இல்லை.

"கின்கா அக்கா, அது லிஃப்ட். ஸ்டமென் இல்ல."

"எனக்குப் படிக்கத் தெரியாதா? பேரு வருதே."

"பேரு நான் போட்டது."

"நீதான் போட்டே. கூப்பிடுறது அவன்."

"அன்னிக்கு மட்டும் நான் உட்கார்ந்து எடுக்கிறேனே."

"இது என் மேஜைடி. செத்தவன் என்னைத் தேடி வரான், நடுவுல நீ யாரு?"

வெலிகா திரும்பி நடந்தாள். பாதி வழியில் நின்றாள். ஓய்வு பெற்ற நாளில் ஸ்டமென், கின்காவின் ஜெரேனியப் பூத்தொட்டிகளை வெயிலுக்கென்று வெளியே வைத்து, மறந்து வீட்டுக்குப் போய்விட்டார். ராத்திரிப் பனியில் எல்லாம் கருகின. அப்புறம் கின்கா அவரோடு பேசவே இல்லை, அடக்கத்துக்கும் போகவில்லை. இதையெல்லாம் வெலிகா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"அக்கா," என்றாள், தரையைப் பார்த்து. "அந்தத் தொட்டி விஷயத்தை நீங்க அவர்கிட்ட கேட்கவே இல்லையே."

கின்கா போனைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை பரிசோதகர் லிஃப்டுக்குள் போய்ப் பொத்தானை அமுக்கினார். ஒரு மணி. இரண்டு. மூன்றாவதில் கின்கா வெடுக்கென்று எடுத்தாள்.

"எட்டுத் தொட்டிடா, ஸ்டமென்."

"அம்மா, நான் பரிசோதகர் பேசுறேன்."

"குரலை மாத்தாதே. மன்னிப்புக் கேட்க வாய் வருமா, வராதா?"

வெலிகா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சிடுங்க," என்றது லிஃப்ட்.

"சரி, போ," என்று கின்கா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே எப்ப வேணும்னாலும் கூப்பிடு. எடுக்கிறேன்."

பரிசோதகர் அறிக்கையில் எழுதினார்: 'மூன்றாவது மணியில் பதில் கிடைத்தது. பேசுபவர் பயணியைத் தனிப்பட்ட முறையில் அறிந்தவர். லிஃப்ட் ஓடலாம்.'

அவர் முத்திரை குத்தி முடிப்பதற்குள், நெவெனா சக்கரத்தை உருட்டி உள்ளே போய் நாலை அமுக்கிவிட்டாள்.